குடும்ப ஓய்வூதியம்: ஒரு எஸ்.எஸ்.ஐ. மனைவியின் மதிப்புரை

மாதத்தின் கடைசி வேலை நாளில் பணம் கணக்கில் ஏறிவிடும். எனக்கு வர ஆரம்பித்த பிறகு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. கொரோனா ஊரடங்கில் கடை கண்ணி எல்லாம் மூடிக் கிடந்தபோதும் வந்தது. அப்போது அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தார்களே தவிர, ஓய்வூதியத்தில் கை வைக்கவில்லை. அரசு ஊழியர் இறந்தபின் அவர் மனைவிக்கு மாதாமாதம் வரும் தமிழ்நாடு அரசின் குடும்ப ஓய்வூதியத்துக்கு இந்த ஒரு விஷயத்தில் பத்துக்குப் பத்து கொடுக்கலாம். அந்த முதல் பணம் வருவதற்கு முன்னால் ஒரு மனைவி என்ன பாடு படவேண்டியிருக்கிறது என்று கேட்டால், பத்துக்கு மூன்றுதான் கொடுப்பேன். 2003-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களின் மனைவிமாருக்கு இது என்ன செய்தது என்று கேட்டால் மதிப்பெண் போட என்னால் முடியாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் 1993-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர். பத்து வருடத்தில் கிரேடு ஒன், அடுத்து ஏட்டு, இருபத்தைந்து வருடம் முடிந்ததும் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர், அதாவது எஸ்.எஸ்.ஐ. தோளில் நட்சத்திரம் ஏறி ஒரு வருடம்தான். 2019-ல் பந்தோபஸ்து முடிந்து வீட்டுக்கு வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார், அவ்வளவுதான். பெரியவள் காலேஜில், சின்னவன் பத்தாம் வகுப்பில். எந்த மாவட்டம் என்று எழுதவில்லை. அந்த அலுவலகத்தில் இருக்கிறவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள், இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

பணியில் இருக்கும்போது இறந்தால் வழி இதுதான். அவர் வேலை பார்த்த மாவட்ட அலுவலகத்தின் அமைச்சுப் பணியாளர்கள் கருத்துரு தயாரிக்க வேண்டும். பணிப்பதிவேடு, கடைசிச் சம்பளச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மனைவியின் போட்டோ, கையெழுத்து மாதிரி, அங்க அடையாளம், குவார்ட்டர்ஸ் வாடகையிலும் கடன்களிலும் பாக்கி இல்லை என்ற சான்று எல்லாம் சேர்ந்து சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் மாநிலக் கணக்காயர் (ஏ.ஜி.) அலுவலகத்துக்குப் போகும். அங்கே பணிக்காலத்தையும் சம்பள நிர்ணயத்தையும் சரிபார்த்து பி.பி.ஓ., அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணை, போடுவார்கள். அது கருவூலத்துக்கு வந்த பிறகு கருவூலத்தில் நம்மை நேரில் பார்த்து அடையாளம் சரிபார்த்து, வங்கிக் கணக்கில் போட ஆரம்பிப்பார்கள். சொல்ல நாலு வரி. நடக்கும்போது ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கேள்வி முளைக்கும்.

எனக்கு முளைத்தது பெயரில். அவருடைய பணிப்பதிவேட்டில் குடும்ப விவரத் தாளில் என் பெயர் ‘லட்சுமி’ என்று முடிகிறது. கல்யாணமான புதிதில் யாரோ ஒரு ரைட்டர் எழுதியது. ஆதாரிலும் பேங்க் பாஸ்புக்கிலும் ‘லெட்சுமி’. எங்கள் பக்கத்தில் லெட்சுமி என்றுதான் எழுதுவோம். ஆங்கிலத்திலும் அதற்கேற்ப எழுத்து மாறியிருந்தது. இனிஷியல் ஒரு இடத்தில் அப்பாவுடையது, ஒரு இடத்தில் அவருடையது. அந்தத் தாளில் சின்னவன் பெயரே ஏறவில்லை, பெரியவள் பிறந்ததோடு நின்றுபோயிருந்தது. மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் தாளை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் என் பெயரைத் தொட்டு, “இது நீங்கதான்னு எப்படிம்மா எழுதுறது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். பக்கத்து மேஜையில் இருந்தவருக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும், போலீஸ் குடும்ப விழாவில் என் பிள்ளைகளுக்குப் பரிசு எடுத்துக் கொடுத்தவர். ஆனாலும் தாளில் இருப்பதுதான் செல்லும்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்க வேண்டியிருந்தது. வாரிசுச் சான்று இ-சேவையில் பதிந்தது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேறி வந்தது. அதற்குள் நம் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு செக்‌ஷனுக்கு மாறிவிட்டார். புதிதாக வந்தவர் முதலிலிருந்து படித்தார். பிறகு சென்னைக்குப் போன ஃபைல், எப்போதோ ஒரு வருடாந்திர உயர்வு தப்பாகப் போட்டிருக்கிறது என்ற ஆட்சேபணையோடு திரும்பி வந்தது. அந்த உயர்வு போட்டபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்குமோ தெரியாது. இருபத்தாறு வருடம் மாதாமாதம் சம்பளம் கொடுத்தபோது யார் கண்ணிலும் படாத ஒன்று, மனைவி வந்து நிற்கும்போது கண்ணில் படுகிறது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான். சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் உயிரோடு இருக்கும்போது சரிபாருங்கள். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல அவர் இருப்பார்.

இந்த இடைக்காலத்தில் தற்காலிக ஓய்வூதியம் கொடுக்க அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. இதை எனக்குச் சொன்னது அந்த அலுவலகம் இல்லை. ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர், மாமனார் வழியில் தூரத்துச் சொந்தம், சொன்னார். “கேட்டு எழுதிக் கொடும்மா, கேட்காதவங்களுக்கு யாரும் கொடுக்கமாட்டாங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன், கிடைத்தது. ஸ்கூல் பீஸ் கட்ட அதுதான் உதவியது. கணவரை இழந்தவள் வாயைத் திறந்து கேட்டால்தான் வரும் என்று இருப்பது ஒரு சேவையின் குறை. முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டிய தகவல் அது. துக்கம் விசாரிக்க வருகிற அதிகாரி மாலையோடு அந்தத் தாளையும் கொண்டுவரலாம்.

பணிக்கொடை, சேமநல நிதி, சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்புக்கான சம்பளம் இவையெல்லாம் தனித்தனியாக வந்தன. ஈட்டிய விடுப்பு அதிகபட்சம் 240 நாளுக்குக் கணக்கு. குடும்பப் பாதுகாப்பு நிதி அப்போது 3 லட்சம். இப்போது 5 லட்சம் ஆக்கியிருக்கிறார்கள், நல்லது. இதில் சேமநல நிதிக்கும் பணிக்கொடைக்கும் நாமினேஷன் பார்ப்பார்கள். எங்கள் பிளாக்கிலேயே ஒருவருக்கு, கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த நாமினேஷனில் அவருடைய அம்மா பெயர்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் பேசாமல் போன கதை பெரிய கதை. குடும்ப ஓய்வூதியத்தில் அந்தச் சிக்கல் கிடையாது. விதிப்படி முதல் உரிமை மனைவிக்கு அல்லது கணவருக்கு. யார் பெயரை எழுதி வைத்திருந்தாலும் அது மாறாது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ல் இருக்கும் இந்த ஒன்றுக்காக அதை எழுதியவர்களைக் கும்பிடலாம்.

இனி பணக் கணக்கு. இதைப் பற்றி யாரும் நமக்கு விளக்கமாகச் சொல்வதில்லை, அதனால் நான் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன். பணியில் இருக்கும்போது இறந்தால், ஆரம்பத்தில் குறிப்பிட்ட காலத்துக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50% வரும். இதைக் கூடுதல் விகிதம் என்பார்கள். அந்தக் காலம் முடிந்தபிறகு 30%. கணக்குக்கு வசதியாகக் கடைசி அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் விகிதத்தில் 25,000. அதற்கு அகவிலைப்படி, 2025 தொடக்கத்து விகிதமான 55% போட்டால் 13,750. மருத்துவப்படி 300. ஆக 39,050. சாதாரண விகிதத்துக்கு இறங்கினால் 15,000, அகவிலைப்படி 8,250, மருத்துவப்படி 300. ஆக 23,550. ஒரே மாதத்தில் 15,500 ரூபாய் குறைகிறது. இறங்கும் தேதி பி.பி.ஓ.விலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் பி.பி.ஓ. கையில் வரும் அன்று, எப்போது பணம் வரும் என்பதைத்தான் பார்ப்போமே தவிர, எப்போது குறையும் என்று யார் பார்க்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு ஏட்டம்மாவுக்கு, ஏட்டு மனைவியை எங்கள் குவார்ட்டர்ஸில் அப்படித்தான் சொல்வோம், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனின் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தத் தேதி வந்து விழுந்தது. கருவூலத்தில் தப்பாகப் பிடித்துவிட்டார்கள் என்று ஓடினார். தப்பில்லை, விதி அப்படி. எனக்கும் அந்தத் தேதி வரத்தான் போகிறது. சீட்டு இரண்டை இப்போதே முடித்துவிட்டேன், பெரிய தவணை எதுவும் அந்தத் தேதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். இறங்குவதற்கு ஆறு மாதம் முன்னால் கருவூலத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தால் எத்தனை வீடு தப்பிக்கும்!

இன்னொரு நல்ல விஷயம். கணவர் ஓய்வுபெற்ற பிறகு இறந்தவர்களுக்கு வேலை மிகக் குறைவு. எங்கள் தெருவில் தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், முன்னணித் தீயணைப்பாளராக இருந்தவர், 2023-ல் காலமானார். தீயணைப்பு மீட்புப் பணிக்கும் காவல் துறைக்கும் ஓய்வூதிய விதி ஒன்றுதான். அவருடைய பி.பி.ஓ.விலேயே மனைவி பெயரும் குடும்ப ஓய்வூதியத் தொகையும் போட்டிருந்தது. ஏ.ஜி. அலுவலகத்துக்கே போகவேண்டி வரவில்லை. இறப்புச் சான்று, பி.பி.ஓ., ஆதார், பான், பாஸ்புக், போட்டோ கொடுத்தார்கள், கருவூலமே ஆரம்பித்துவிட்டது. ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியில் 50,000 ரூபாயும் வந்தது. அந்த அக்காவுக்கு இருந்த பயம் வேறு. கணவர் ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் தொகுத்து மொத்தமாக வாங்கியிருந்தார், அந்தப் பாக்கியை நம் பணத்தில் பிடிப்பார்களோ என்று. பிடிக்கமாட்டார்கள். தொகுத்த தொகையைக் குடும்ப ஓய்வூதியத்தில் பிடிப்பது கிடையாது. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த தெளிவை நான் பார்த்தேன்.

அங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. கணவர் இறந்ததைக் கருவூலத்துக்கு உடனே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருடைய ஓய்வூதியம் பழைய கணக்கில் வந்துகொண்டே இருக்கும். ஏடிஎம் கார்டு நம்மிடம்தானே இருக்கிறது என்று எடுத்துச் செலவு செய்தால், பின்னால் நம் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து அதை மாதாமாதம் பிடிப்பார்கள். காரியச் செலவுக்கு எடுத்த பணம் வருடக் கணக்கில் கழிந்துகொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன.

மருத்துவக் காப்பீட்டில் குடும்ப ஓய்வூதியரும் உண்டு. 2022-ல் தொடங்கிய நாலு வருடத் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம், 5 லட்சம் வரை. எனக்கு ஆபரேஷன் எதற்கும் தேவைப்படவில்லை, அதனால் நன்றாக இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லக்கூடாது. வருமான வரிக்குள் வருகிறவர்கள் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தனிக் கழிவு இருப்பதை ஆடிட்டரிடம் நினைவுபடுத்துங்கள். புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது. 80 வயது ஆனால் 20% கூடுதலாக வரும், அதற்குப் பிறந்த தேதிச் சான்று சரியாக இருக்க வேண்டும். மறுபடியும் காகிதம்.

வருடாந்திர நேர்காணலைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையில் உண்மையாகவே முன்னேறியிருப்பது இதுதான். முன்பெல்லாம் நாம் உயிரோடு இருக்கிறோம் என்று காட்டக் கருவூலத்துக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். மாமனாருடைய ஓய்வூதியத்துக்கு மாமியாரை ஆட்டோவில் வைத்துக் கூட்டிப்போனது எனக்கு நினைவிருக்கிறது, படியேற முடியாமல் கீழேயே உட்கார்ந்திருப்பார். மத்திய அரசு 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு வாழ்நாள் சான்றைக் கொண்டுவந்தது. இப்போது தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்கிறார். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் மூலம், கட்டணம் 70 ரூபாய். நான் போன தடவை அப்படித்தான் செய்தேன்.

எங்கள் பீட் தபால்காரர் காலை பத்தரை மணிக்கு வந்தார். திண்ணையில் பையை வைத்து, போனையும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரேகைக் கருவியையும் எடுத்தார். ஆதார் எண், பி.பி.ஓ. எண், கணக்கு எண், போன் நம்பர் கேட்டுப் பதிந்தார். வலது பெருவிரலை வைத்தேன், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், அதுவும் இல்லை. பாத்திரம் விளக்கி, துணி துவைத்து, ரேகை தேய்ந்த கை இது. அவர் அலுத்துக்கொள்ளவே இல்லை. “கையில கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சிட்டு வாங்கம்மா” என்றார். துடைத்துவிட்டு இடது கை நடுவிரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் போனுக்குச் சான்று எண் வந்துவிட்டது. ரேகை சுத்தமாக விழவில்லை என்றால் முகத்தைக் காட்டியும் செய்யலாம், அதற்கு ஆதார் முக அடையாள வசதி இருக்கிறது என்றும் சொன்னார். போகும்போது அடுத்த தெருவில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார், அவரும் போலீஸ் வீட்டம்மாதான். எழுபது ரூபாய்க்கு இதைவிட மரியாதையான சேவையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போஸ்ட் இன்ஃபோ செயலியில் பதியலாம், இல்லை என்றால் தபால்காரரிடமே சொல்லி வைக்கலாம்.

நேர்காணலுக்கு நேரில் போகிறவர்கள் ஓய்வூதியப் புத்தகம், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸோடு குடும்ப ஓய்வூதியருக்கான மறுமணம் செய்யாச் சான்றையும் கொண்டுபோக வேண்டும். எழுபது வயதுக்கு மேலே கூன் விழுந்த அம்மாக்கள் அந்தத் தாளில் கைநாட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முப்பது வயதில் கணவனை இழந்த பெண் மறுபடி கல்யாணம் செய்தால் ஓய்வூதியம் போய்விடும் என்ற விதியே கொடுமை. அவள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாழ்க்கையா, வருமானமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அவன் அரசுக்கு உழைத்ததற்கான பணம் அது. அவள் தனியாக இருக்கிறாள் என்பதற்கான கூலி இல்லை.

களஞ்சியம் என்ற அரசுச் செயலி பற்றி இரண்டு வரி. மாதாந்திர ஓய்வூதியச் சீட்டை அதில் எடுத்துக்கொள்ளலாம், பிடித்தம் என்ன என்று பார்க்கலாம். மகன்தான் போட்டுத் தந்தான். பழகிவிட்டால் சுலபம். அதில் அந்தக் கூடுதல் விகித முடிவுத் தேதியைப் பெரிய எழுத்தில் காட்டினால் நன்றாக இருக்கும்.

இப்போது ஆரம்பத்தில் தள்ளி வைத்த விஷயம்.

எங்களுக்கு எதிர் பிளாக்கில் ஒரு பெண். அவள் புருஷன் 2011-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவன். 2022-ல் பைக்கில் வரும்போது லாரி மோதி இறந்தான். குழந்தைக்கு அப்போது மூன்று வயது. என் வீட்டுக்காரர் போட்ட அதே காக்கி, அதே பாரா, அதே திருவிழா பந்தோபஸ்து. ஆனால் 1-4-2003 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பழைய ஓய்வூதியம் கிடையாது, அப்போது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் இருந்தது. சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் சேர்த்து 10% பிடித்தார்கள், அரசு அதே அளவு போட்டது, வட்டி சேர்ந்தது. இறந்தால் அந்தச் சேர்ந்த தொகையை மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாதாமாதம் என்று ஒன்றும் இருக்கவில்லை.

பதினொரு வருடச் சர்வீஸில் சேர்ந்த தொகை எவ்வளவு இருக்கும்? அவள் அதை வாங்கி, கடனை அடைத்து, மாமனார் பங்கைக் கொடுத்து, மிச்சத்தை டெபாசிட் போட்டாள். அந்த வட்டியில் வாடகை கொடுக்கிறாள். எனக்கு அகவிலைப்படி வருடத்துக்கு இரண்டு தடவை ஏறுகிறது. அவளுடைய வட்டி ஏறுவதில்லை, பால் விலைதான் ஏறுகிறது.

அவனுடைய பேட்ச் பையன்கள் செய்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரே வருடம் பயிற்சி முடித்தவர்கள் மாநிலம் முழுவதும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். ஒருவன் இறந்தால் ஆளுக்கு ஐநூறு, ஆயிரம் என்று போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு யூனிஃபார்மிலேயே பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள், எங்கெங்கிருந்தோ ராத்திரி பஸ் பிடித்து. குழந்தை பெயரில் போட்ட டெபாசிட் ரசீதை அவள் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட உட்காராமல், டூட்டி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள். அதில் ஒரு பையன் வாசலில் நின்று, “எங்களுக்குப் பென்ஷன் இல்லக்கா, அதான் நாங்களே பாத்துக்கிறோம்” என்றான். அவர்கள் பெருந்தன்மைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை. சம்பளத்தில் நூலிழையில் ஓடுகிற காவலர்கள் தங்களுக்குள் சேர்த்துக் கொடுக்க வேண்டிய கடமை இல்லை அது.

இதில் எனக்குத் தாங்க முடியாதது ஒன்று. மத்திய அரசுப் பணியில், புதிய திட்டத்தில் சேர்ந்தவர் பணிக்காலத்தில் இறந்தால், குடும்பத்துக்குப் பழைய விதிப்படி குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி வைத்திருக்கிறார்கள். சி.ஆர்.பி.எஃப். காவலர் ஒருவரின் மனைவிக்கு அந்த வழி உண்டு. தமிழ்நாட்டுக் காவலரின் மனைவிக்கு, தீயணைப்பாளரின் மனைவிக்கு இவள் புருஷன் இறந்தபோது அது இல்லை. 2020 தீபாவளி அன்று மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இடத்தில் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். அப்படி நாடே பார்க்கும் சாவுக்கு அரசு தனியாக நிவாரணம் அறிவிக்கிறது, வேலை கொடுக்கிறது, கொடுக்கவும் வேண்டும். நெஞ்சு வலியிலும் மஞ்சள் காமாலையிலும் சாலை விபத்திலும் போகிறவர்களுக்கு கேமரா வராது. இரவுப் பணியும் தூக்கமில்லாத பந்தோபஸ்தும்தான் அவர்களையும் தின்றிருக்கும். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிந்தாக வேண்டும்.

அவள் கருணை அடிப்படை வேலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். இறந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைத் தவற விடாதீர்கள். நானே கூடப்போய் ரசீதில் முத்திரை வாங்கி வைக்கச் சொன்னேன். வரிசையில் இருக்கிறது என்கிறார்கள். 2025 மே மாதம் அரசு சில வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டது, அந்த வங்கிகளில் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் அரசு ஊழியர் விபத்தில் இறந்தால் 1 கோடி ரூபாய் காப்பீடு. இனிமேல் வரப்போகிறவர்களுக்கு அது பெரிய ஆதரவு. கணவரின் சம்பளக் கணக்கு அந்த வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே வங்கியில் கேளுங்கள். இவளுக்கு அது மூன்று வருடம் தாமதம்.

பழைய திட்டமா, புதியதா, மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமா என்று ஆராய 2025 பிப்ரவரியில் மாநில அரசு ஒரு குழு போட்டது. ஆசிரியர் சங்கங்கள் பேசுகின்றன, அரசு ஊழியர் சங்கங்கள் பேசுகின்றன. போலீஸ்காரர்கள் அப்படிச் சங்கம் வைத்துக் கோரிக்கை பேச முடியாது, 1966-லேயே அதற்குச் சட்டம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொடி பிடிக்க முடியாது, பேட்டி கொடுக்க முடியாது. அவர்களுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருக்கும் நாங்கள்தான். அதனால் கேட்கிறேன். ஓய்வுபெறுகிறவருக்கு எவ்வளவு என்பதை எப்படி வேண்டுமானாலும் பேசி முடியுங்கள். பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கு, அவர் எந்த வருடம் சேர்ந்தவராக இருந்தாலும், மாதாமாதம் ஒரு தொகை என்பதைத் தனியாக எடுத்து முதலில் முடியுங்கள். 2022-ல் போனவர்களுக்கும் அதற்கு முன்னால் போனவர்களுக்கும் சேர்த்து. அரசு எங்களைக் கூப்பிட்டுக் கேட்டால் என் பி.பி.ஓ.வை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன், எதிர் பிளாக் பெண்ணையும் அவளுடைய டெபாசிட் ரசீதோடு கூட்டிக்கொண்டு வருகிறேன்.